செவிச்செல்வம் சேர்த்த மன்னர்

நுழையும்முன்

பொன்னும் மணியும் திரட்டிய மன்னர்களை வரலாறு அறியும்; படையும் நாடும் பெருக்கிய வேந்தர்களையும் அறியும். ஒலியைத் திரட்டிய மன்னர் ஒருவரும் நம் காலத்திற்குச் சற்று முன்னர் வாழ்ந்தார். ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்டு, உலகம் மறந்துகொண்டிருந்த இசைக்கலைஞர் ஒருவரின் கைவண்ணத்தை அழியாமல் காத்தவர் அவர். மைசூரின் கடைசி மன்னராகவும், சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கிய ஜயசாமராஜேந்திர உடையாரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒலியும் அழிவும்

கல்லில் வடித்த சிற்பம் ஆயிரம் ஆண்டு நிற்கும். ஓலையில் எழுதிய பாடல் படியெடுத்துக் காக்கப்பட்டால் தலைமுறைகளைக் கடக்கும். இசையோ பிறந்த கணமே மறைவது. அரியலூர் வட்டாரத்தின் உடையார்பாளையம் அரசவையில் கனமார்க்க இசையால் புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையரின் பதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர் குரல் கிடைக்கவில்லை. தமிழகமே வியந்து கேட்ட மகா வைத்தியநாத ஐயர் 1893ஆம் ஆண்டு மறைந்தார். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியதோ 1902ஆம் ஆண்டில்தான். அந்த ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரு பெருங்குரல் நமக்கு என்றென்றும் எட்டாததாயிற்று. வீணை தனம்மாளின் வாசிப்பு, அவருடைய முதுமைக் காலத்தில் பதிவான சில தட்டுகளின் வழியாகவே இன்றும் நம் செவிக்கு எட்டுகிறது.

இசைத்தட்டின் அருமையை உணர இச்செய்திகளே போதும். ஒரு கலைஞர் வாழும்போதே அவர் இசையைப் பதிந்து வைத்தல் வேண்டும். காலம் தாழ்த்தினால் இழப்பை ஈடுசெய்ய வழியில்லை. இவ்வுண்மையை உணர்ந்து செயல்பட்டவர்களுள் ஜயசாமராஜேந்திர உடையார் குறிப்பிடத்தக்கவர்.

பிறப்பும் கல்வியும்

ஜயசாமராஜேந்திர உடையார் 1919ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் மைசூரில் பிறந்தார். இளவரசர் கண்டீரவ நரசிம்மராஜ உடையாரின் ஒரே மகன் இவர். மைசூரை அப்போது ஆண்டவர் இவருடைய பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். மன்னருக்கு மக்கட்பேறு இல்லாமையால், அரியணை உரிமை தம்பியின் குடும்பத்திற்கு உரியதாயிற்று. மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்ற ஜயசாமராஜேந்திரர் 1938ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பதக்கங்களும் பரிசுகளும் பெற்றுத் தேறிய மாணவராகத் திகழ்ந்தார்.

அவர் வளர்ந்த அரண்மனை இசைக்குப் புகலிடமாக இருந்தது. கிருஷ்ணராஜ உடையார் தாமே பல கருவிகளை வாசிக்கத் தெரிந்தவர். மைசூர் வாசுதேவாசாரியார் அவையை அணிசெய்தார். நெல்லைச் சீமையின் அரிகேசநல்லூரைச் சேர்ந்த முத்தையா பாகவதர் அங்கு ஆஸ்தான வித்துவானாக அமர்ந்து, சாமுண்டீசுவரி அம்மன்மீது கீர்த்தனைகள் இயற்றினார். தமிழகத்துக் கலைஞர் பலருக்கு மைசூர் அரண்மனை இரண்டாம் தாயகம்போல் விளங்கிற்று. அதே அரண்மனையில் ஐரோப்பிய இசைக்குழு ஒன்றும் இருந்தது. ஓட்டோ ஷ்மித் என்னும் செருமானியர் அதனை நெறிப்படுத்தினார். ஒரு கூடத்தில் வீணையும் மறுகூடத்தில் பியானோவும் ஒலித்த சூழலில் அச்சிறுவர் செவி திறந்தார்.

கனவும் கடமையும்

இளமையிலேயே ஜயசாமராஜேந்திரர் பியானோவைப் பயின்றார். மைசூரின் கிறித்தவக் கன்னியர் மடத்து ஆசிரியை அவருக்கு வழிகாட்டினார். இலண்டன் இசைக் கல்லூரிகள் நடத்திய தேர்வுகளிலும் அவர் தேறினார். 1939ஆம் ஆண்டு தந்தையுடன் ஐரோப்பா சென்றபோது, தட்டுகளில் மட்டும் கேட்ட இசையை அரங்குகளில் நேரில் கேட்கும் வாய்ப்பும் கிட்டியது. மேடையில் அமர்ந்து வாசிக்கும் பியானோ கலைஞராக வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு.

1940ஆம் ஆண்டு அக்கனவை முறித்தது. மார்ச்சுத் திங்களில் தந்தை மறைந்தார். ஆகஸ்டுத் திங்களில் பெரியப்பா மறைந்தார். ஐந்து மாதங்களுக்குள் நேர்ந்த இரு பிரிவுகளும் இருபத்தோரு வயது இளைஞரை அரியணையில் அமர்த்தின. செப்டம்பர் 8ஆம் நாள் அவர் மைசூர் மன்னராக முடிசூடினார். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. நாட்டின் சுமை தோளில் ஏறிய பின்னர், ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் கலைஞரின் வாழ்வுக்கு இடமில்லாமற் போயிற்று.

நிறைவேறாத விருப்பம் சிலரைக் கசப்புக்கு ஆளாக்கும். சிலரிடம் வேறொரு வடிவில் தழைக்கும். ஜயசாமராஜேந்திரர் வாசிப்பவராக அல்லாமல் கேட்பவராக வாழ்ந்தார். கேட்டலையே ஒரு கலையாகப் பயின்றார். 1945ஆம் ஆண்டு இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி அவரைத் தன் மதிப்புறு உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

அரக்கில் அடங்கிய இசை

அக்காலத்து இசைத்தட்டு, நிமிடத்திற்கு எழுபத்தெட்டுச் சுற்றுகள் சுழல்வது. அரக்கோடு கனிமப் பொடி கலந்து அதனைச் செய்தனர். அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே உலகிற்குச் சென்றது. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தின் புரச மரங்களில் சிறு பூச்சிகள் சுரந்த பிசின், கடல் கடந்து சென்று, பீத்தோவனின் இசையைத் தாங்கிய தட்டாக இந்தியாவிற்கே திரும்பி வந்தது.

அத்தட்டில் ஒரு குறையும் இருந்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து நிமிட இசையே அடங்கும். சொனாட்டா என்பதோ தனிக்கருவிக்கென எழுதப்பெறும் நெடிய இசைப் படைப்பு. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகள் கொண்டது. நாற்பது நிமிடம் ஒலிக்கும் ஒரு சொனாட்டாவைப் பதிய ஏறத்தாழப் பத்துப் பக்கங்கள் வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு நான்கைந்து நிமிடத்திற்கும் எழுந்து தட்டைத் திருப்புதல் வேண்டும்; ஊசியை மாற்றுதல் வேண்டும். தட்டு கைதவறினால் நொறுங்கிவிடும். அடிக்கடி ஒலித்தால் தேய்ந்துவிடும். அவற்றைச் சேர்ப்பதற்குப் பொருள் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும்.

இத்தகைய நெடிய படைப்புகளைப் பதிய நிறுவனங்கள் தயங்கின. விற்குமா என்னும் ஐயமே அதற்குக் காரணம். அத்தயக்கத்தைப் போக்க, இங்கிலாந்தின் பதிவுத் தயாரிப்பாளரான வால்டர் லெக் என்பார் ஒரு வழி கண்டார். கேட்க விழைவோர் முன்கூட்டியே சந்தா செலுத்திச் சங்கமாகச் சேர்வர். திரண்ட தொகையைக் கொண்டு தட்டுகள் பதியப்பெறும். இம்முறையில் அமைந்த பீத்தோவன் சொனாட்டா சங்கத்தின் வாயிலாக, ஆர்தர் ஷ்னாபல் என்னும் பியானோ மேதை 1932 முதல் 1935 வரை பீத்தோவனின் முப்பத்திரண்டு சொனாட்டாக்களையும் பதிந்தார். அவை அனைத்தையும் ஒருவரே தட்டில் பதிந்தது அதுவே முதன்முறை.

தெரிந்து தெளிவோம்

புலவர் ஒருவர் ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்குவது பதிப்புப் பணியின் அடிப்படை. அரியலூரிலும் பெரம்பலூர்ப் பகுதியின் குன்னத்திலும் தம் இளமையைக் கழித்த உ.வே. சாமிநாதையர் அவ்வாறே சுவடிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்தார். ஒரே இசைப்படைப்பின் பல பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டுக் கேட்பதும் அத்தகைய பணியே. சுவடி ஒப்பீட்டில் பாட வேறுபாடு புலப்படும். பதிவு ஒப்பீட்டில் வாசிப்பு வேறுபாடு புலப்படும்.

ஒப்பிட்டுக் கேட்டல்

நம் இசையில் கலைஞரின் கற்பனைக்குப் பரந்த இடமுண்டு. ஒரே கல்யாணியை இருவர் ஆலாபனை செய்தால் இரண்டு கல்யாணிகள் பிறக்கும். மேலையிசையின் சொனாட்டாவில் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பெற்றுள்ளது. ஆயினும் இரு கலைஞர் வாசிப்பு ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் விரைவார், மற்றவர் நிதானிப்பார். ஒருவர் இடக்கையின் ஆழ்ந்த ஒலிகளுக்கு அழுத்தம் தருவார். மற்றவர் வலக்கையின் இன்னிசையை மேலெழச் செய்வார். சுரங்களுக்கு இடையே விடும் அமைதியின் நீளம்கூட ஆளுக்கு ஆள் மாறும். எழுதியவர் கருதியது எது என்னும் வினா அப்போது எழுகிறது. ஒரே படைப்பின் பல பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பவருக்கே அவ்வினாவின் ஆழம் விளங்கும்.

ஜயசாமராஜேந்திரரின் தொகுப்பு ஏறத்தாழ 20,000 தட்டுகளைக் கொண்டது என மதிப்பிடப்பட்டது. அவருடைய அரண்மனைக்கு விருந்தினராக வந்த வால்டர் லெக், அங்கிருந்த இசைத்தட்டு நூலகத்தையும், ஒலிபெருக்கிகளையும், பெரிய பியானோக்களையும் கண்டு வியந்தார். முப்பது வயதுகூட நிரம்பாத மன்னர், அரிய படைப்புகளையெல்லாம் தேடிக் கேட்டிருந்தார். எல்லாரும் புகழும் படைப்புகளோடு அவர் நின்றுவிடவில்லை. தட்டில் இடம்பெறாத படைப்புகள் எவை, அவை ஏன் இடம்பெறவில்லை என்னும் கேள்விகளும் அவரிடம் இருந்தன. நூலகத்தின் நிறைந்த அடுக்குகளினும் வெற்றிடங்களே நல்ல தொகுப்பாளரின் கண்ணில் முதலில் படும்.

மறக்கப்பட்ட கலைஞர்

அத்தகைய வெற்றிடம் ஒன்றில் நிகோலாய் மெட்னர் என்னும் பெயர் இருந்தது. 1880ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்த மெட்னர், அந்நகரின் இசைக் கல்லூரியில் பயின்று 1900ஆம் ஆண்டு தேறியவர். பியானோவுக்கென்று பதினான்கு சொனாட்டாக்கள் இயற்றியவர். புகழ்பெற்ற இசைமேதை ரஹ்மானினோவ் தம் நான்காம் பியானோ கன்செர்ட்டோவை இவருக்குப் படையலாக்கினார். மெட்னர் தம் இரண்டாம் கன்செர்ட்டோவை அவருக்குப் படையலாக்கினார். இருவர் நட்பும் ஒருவர் கலைமீது மற்றவர் கொண்ட மதிப்பில் வேரூன்றியிருந்தது.

1921ஆம் ஆண்டு மெட்னர் உருசியாவைவிட்டு வெளியேறினார். செருமனி, பிரான்சு நாடுகளில் வாழ்ந்து, 1935ஆம் ஆண்டு இலண்டனில் குடியேறினார். காலத்தின் புதுப்போக்குகள் அவருக்கு உடன்பாடாக இல்லை. சுரங்களின் உறவில் பழைய அறம் ஒன்று உண்டு என அவர் நம்பினார். அந்நம்பிக்கையை விளக்கி நூலும் எழுதினார். புதுமை விரும்பிய உலகம் அவரைப் பழமைவாதி என ஒதுக்கியது. போர் தொடங்கியதும் செருமானியப் பதிப்பகத்திலிருந்து வந்த வருவாய் நின்றது. 1942ஆம் ஆண்டு மாரடைப்பு அவரை நலியச் செய்தது. அவருடைய மாணவியான எட்னா அயல்ஸ் தம் இல்லத்தில் அவருக்கும் அவர் மனைவிக்கும் புகலிடம் தந்தார்.

முதுமை, நோய், வறுமை, புறக்கணிப்பு ஆகிய நான்கும் சூழ்ந்த நிலையில் அக்கலைஞர் இருந்தார். அவருடைய இசையை அவரே வாசித்த பதிவுகள் மிகச் சிலவே இருந்தன. அவர் மறைந்துவிட்டால், பதினான்கு சொனாட்டாக்களும் தாளில் எஞ்சும்; அவற்றை அவர் எப்படி வாசித்தார் என்பதோ எவருக்கும் தெரியாமற் போகும்.

மைசூரிலிருந்து வந்த உதவி

அந்நிலையில் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்த இந்திய மன்னர் ஒருவர், மெட்னரின் படைப்புகள் அனைத்தையும் இசைத்தட்டில் பதிய வேண்டும் என முன்வந்தார். அதற்கெனவே மெட்னர் சங்கத்தை நிறுவிப் பொருளுதவி செய்தார். பதிவை எச்.எம்.வி. நிறுவனம் மேற்கொண்டது.

1947ஆம் ஆண்டு மெட்னர் தம் மூன்று பியானோ கன்செர்ட்டோக்களையும் பில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் பதிந்தார். முதலாவதை ஜார்ஜ் வெல்டனும், ஏனைய இரண்டையும் இசாய் டோப்ரோவெனும் நெறிப்படுத்தினர். அறுபத்தேழு வயது நிறைந்த கலைஞர், நலிந்த உடலோடு பதிவுக்கூடத்திற்கு வந்து வாசித்தார். தொடர்ந்து சில சொனாட்டாக்களும், சிறு படைப்புகளும், பாடல்களும் பதியப்பெற்றன. 1950ஆம் ஆண்டு எலிசபெத் ஷ்வார்ஸ்காப் என்னும் பாடகி பாட, மெட்னர் தாமே பியானோ வாசித்தார். மற்றொரு பதிவில் பென்னோ மொய்செய்விச் என்னும் கலைஞரும் மெட்னரும் இரு பியானோக்களில் இணைந்து வாசித்தனர்.

நன்றியுணர்வின் அடையாளமாக மெட்னர் தம் மூன்றாம் கன்செர்ட்டோவை மைசூர் மன்னருக்குப் படையலாக்கினார். உருசியாவில் பிறந்து, இலண்டனில் வாழ்ந்த ஒருவர் இயற்றிய படைப்பின் முகப்பில் தென்னிந்திய மன்னர் ஒருவரின் பெயர் இவ்வாறு இடம்பெற்றது.

1951ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மெட்னர் இலண்டனில் மறைந்தார். அனைத்தையும் பதிய வேண்டும் என்னும் திட்டம் முழுமை பெறவில்லை. ஆயினும் பதிவான பகுதி காலத்தை வென்றது. பல்லாண்டுகளுக்குப் பின்னர் மெட்னரின் இசைமீது ஆர்வம் மீண்டும் துளிர்த்தபோது, அப்பதிவுகள் குறுந்தகடுகளாக மறுபிறவி எடுத்தன. இன்று மெட்னரை வாசிக்க விழையும் இளங்கலைஞர், எழுதியவரின் வாசிப்பையே கேட்டுத் தம் வாசிப்போடு ஒப்பிட இயலும். ஒரு படைப்பை வாசிக்கும் வழி பலவாயினும், எழுதியவரின் வழி எதுவெனத் தெரிந்திருப்பது பெரும்பேறன்றோ?

இசைக்குழுவின் புரவலர்

மெட்னரோடு மன்னரின் ஆதரவு நின்றுவிடவில்லை. வால்டர் லெக் 1945ஆம் ஆண்டு தொடங்கிய பில்ஹார்மோனியா இசைக்குழு, தொடக்கத்தில் நிலையான வருவாயின்றித் தவித்தது. மூன்றாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 பவுன் வழங்க மன்னர் இசைந்தார். பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். உருசிய இசையறிஞர் பாலகிரெவின் முதல் சிம்பொனி போன்ற அரிய படைப்புகள் தட்டில் ஏறவும் அவருடைய விருப்பம் தூண்டுகோலாயிற்று. 1949ஆம் ஆண்டு கராயன் நெறியாள்கையில் அது பதியப்பெற்றது.

1949ஆம் ஆண்டு செப்டம்பரில் செருமானிய இசைமேதை ரிச்சர்டு ஷ்டிராவுஸ் மறைந்தார். அவர் தம் வாழ்வின் அந்தியில் இயற்றிய நான்கு பாடல்கள் அரங்கேறாமலே இருந்தன. 1950ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவை முதன்முறையாகப் பாடப்பெற்றன. கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாடினார். ஃபூர்ட்வெங்லர் இசைக்குழுவை நெறிப்படுத்தினார். அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் பொறுப்பேற்று உறுதியளித்தவர் மைசூர் மன்னர். அவரால் நேரில் செல்ல இயலவில்லை. அரங்கில் பிறந்த இசையைப் பதிந்து மைசூருக்கு அனுப்பினர். முதுமையையும் அந்திப்பொழுதையும் அமைதியாக எதிர்கொள்ளும் அப்பாடல்கள் இன்று உலகெங்கும் பாடப்படுகின்றன. அவற்றின் முதல் மேடைக்குப் பின்னே மைசூரின் பெயரும் இருப்பதைப் பலர் அறியார்.

வாக்கேயக்காரர்

மேலையிசையில் தோய்ந்தவர் தம் மண்ணின் இசையை மறந்தாரா என்னும் ஐயம் எழலாம். அவருடைய கீர்த்தனைகளே அதற்கு விடை. வீணையும் கருநாடக இசையும் பயின்ற ஜயசாமராஜேந்திரர், வடமொழியில் 94 கீர்த்தனைகள் இயற்றினார். ஸ்ரீவித்யா என்பது அவற்றில் அவர் பதித்த முத்திரை. தேவி வழிபாட்டில் அவருக்கிருந்த ஈடுபாட்டை அம்முத்திரை காட்டும். அரிதாகக் கையாளப்படும் இராகங்களை அவர் பெரிதும் விரும்பினார். இங்கும் அவருடைய இயல்பு மாறவில்லை. மேலையிசையில் மறக்கப்பட்ட கலைஞரைத் தேடியவர், கருநாடக இசையில் மறக்கப்பட்ட இராகங்களைத் தேடினார். மைசூர் வாசுதேவாசாரியார் போன்ற பெரியோர் அவரைச் சூழ்ந்திருந்தனர். சங்கீத நாடக அகாதெமி 1966ஆம் ஆண்டு தன் உயரிய உறுப்பினர் தகுதியை அளித்து அவரைப் போற்றியது. இருக்கு வேதத்தைக் கன்னட உரையுடன் பல தொகுதிகளாக வெளியிடவும் அவர் துணைநின்றார்.

முடியாட்சியிலிருந்து குடியாட்சிக்கு

1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் மைசூரை இந்திய ஒன்றியத்துடன் இணைக்கும் ஆவணத்தில் ஜயசாமராஜேந்திரர் கையொப்பமிட்டார். பொறுப்பாட்சி வேண்டி மக்கள் நடத்திய போராட்டம் அதன்பின்னும் தொடர்ந்தது. அக்டோபரில் மன்னர் அதற்கு இசைந்தார், கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பொறுப்பேற்றது. 1950ஆம் ஆண்டு குடியரசு மலர்ந்தபோது அவர் மைசூர் மாநிலத்தின் இராசப்பிரமுகரானார். 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது புதிய மைசூர் மாநிலத்தின் ஆளுநரானார். மெட்னரின் கன்செர்ட்டோக்கள் பதியப்பெற்ற ஆண்டும் ஆட்சியுரிமை கைமாறிய ஆண்டும் ஒன்றே என்பது எண்ணத்தக்கது.

1964ஆம் ஆண்டு மே திங்களில் அவர் சென்னை மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்று, 1966ஆம் ஆண்டு ஜூன் வரை பணியாற்றினார். பக்தவத்சலம் அப்போது முதலமைச்சர். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குரும்பலூர் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அச்சிற்றூரும் அதனைப்போன்ற ஆயிரமாயிரம் ஊர்களும், ஒரு காலத்தில் பியானோ கலைஞராக விரும்பிய அம்மனிதரைத் தம் ஆளுநராகப் பெற்றிருந்தன. 1971ஆம் ஆண்டு மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் ஜயசாமராஜேந்திரர் மறைந்தார்.

ஒரு வினா

வறுமையும் நோயும் நிறைந்திருந்த நாட்டின் மன்னர், தொலைதூர இலண்டனின் இசைக்குழுவுக்குப் பொருள் வழங்கியது முறையா என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மன்னரின் விருப்பமே செலவின் அளவுகோலாக இருந்த காலம் அது. அத்தகைய அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருப்பதை மாற்றவே மக்கள் போராடினர், குடியாட்சியும் மலர்ந்தது.

அவ்வினாவுக்கு மறுபக்கமும் உண்டு. செல்வம் படைத்தோர் பலர் தம் செல்வத்தைத் தமக்கே செலவிட்டனர். அக்காலத்து மன்னர் சிலர் வைரங்களையும் மகிழுந்துகளையும் சேர்த்தனர். அவை ஒருவருக்கே பயன்பட்டன. ஜயசாமராஜேந்திரர் தம் செவிக்கென விரும்பிய இசை, பதிவானபின் உலகுக்கே பொதுவாயிற்று. ஐரோப்பா தன் கலைஞர் ஒருவரை மறந்துகொண்டிருந்த வேளையில், ஐரோப்பியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டைச் சேர்ந்த ஒருவர் அவரை நினைவில் வைத்திருந்தார். கலையைக் காப்பதற்குப் பிறந்த மண்ணோ பேசும் மொழியோ தடையாகாது என்பதை இது காட்டுகிறது. இன்று அப்பணி அரசுகளையும், நூலகங்களையும், நம் ஒவ்வொருவரையும் சார்ந்தது.

கேட்பவரின் கடன்

ஒரு கலை வாழக் கலைஞர் மட்டும் போதாது, கேட்பவரும் வேண்டும். எழுதியவர், வாசித்தவர், பதிந்தவர் ஆகியோர் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் இடம்பெறும். கேட்டவரின் பெயர் அங்கு இடம்பெறுவதில்லை. ஆயினும் ஊன்றிக் கேட்க ஒருவர் இருந்தமையால் மெட்னரின் விரல்கள் அசைந்த விதம் இன்றும் ஒலிக்கிறது.

இன்று நம் கைப்பேசியில் இலட்சக்கணக்கான பாடல்கள் உள்ளன. தட்டைத் திருப்பவும் வேண்டா. ஊசியை மாற்றவும் வேண்டா. ஆனால் எளிதில் கிடைப்பது எளிதில் கவனத்தினின்றும் நழுவுகிறது. ஒரே பாடலை இருவர் குரலில் அடுத்தடுத்துக் கேட்டு, எங்கே ஒன்றுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என எண்ணிப் பார்ப்போர் சிலரே. நம் ஊர்களில் நாகசுரம் வாசிப்போரும், உடுக்கடித்துக் கதை பாடுவோரும், ஒப்பாரியும் தாலாட்டும் பாடும் மூதாட்டியரும் இன்னும் உள்ளனர். அவர்களுள் பலருடைய குரல் எங்கும் பதிவாகவில்லை. மகா வைத்தியநாத ஐயருக்கு நேர்ந்த இழப்பு அவர்களுக்கும் நேராமல் காக்கும் கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அதனைப் பயன்படுத்தும் மனமே வேண்டுவது. மைசூர் மன்னர் சேர்த்த செவிச்செல்வம் நமக்கு நினைவூட்டும் கடமை அதுவே.

கற்பவை கற்றபின்

1. ஒரே பாடலை இரு கலைஞர்கள் பாடிய பதிவுகளைக் கேட்டு, வேகம், அழுத்தம், இடையமைதி ஆகியவற்றில் காணும் வேறுபாடுகளைப் பட்டியலிடுக.

2. உங்கள் ஊரில் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி முதலியவற்றைப் பாடுவோரின் இசைவு பெற்று அவர்தம் பாடல்களைப் பதிவு செய்க. பாடியவர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்க.

3. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிடுதலும் இசைப் பதிவுகளை ஒப்பிடுதலும் எவ்வகையில் ஒத்தவை, எவ்வகையில் வேறுபட்டவை என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.